கடவுச்சொல்லின் மறுபாதி

ஜூன் 3, செவ்வாய்

மணிப்புறா மெயில் நிறுவனத்திடமிருந்து இன்று ஒரு கடிதம். தலைப்பு: "ஓர் உற்சாகமான செய்தி!" வங்கியின் ஆய்வுப் பிரிவில் இருந்த காலமெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு கிளையிலிருந்து உற்சாகமான செய்தி வந்தால் முதலில் போய்ப் பெட்டகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தேன். அவர்கள் தங்கள் பயணத்தின் அடுத்த கட்டத்திற்குப் போகிறார்களாம். அந்தக் கட்டத்தில் மின்னஞ்சல் சேவை இருக்காதாம். ஜூன் 30-ஆம் தேதியோடு எல்லாப் பெட்டிகளும் அழிக்கப்படும். இத்தனை ஆண்டுகள் உடன் வந்ததற்கு நன்றி. கூடவே ஒரு பலூன் படம்.

பின்னால் படிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்குப் புரிய வேண்டும் என்பது ஆய்வறிக்கையின் முதல் விதி. நாட்குறிப்புக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன். படிப்பவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

ரெஜினா லூர்துமேரியும் நானும் ஆய்வுப் பிரிவில் ஜோடியாக ஊர் ஊராகப் போனவர்கள். அவள் எண்ணுவாள், நான் எழுதுவேன். ஓய்வு பெற்றபின் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை ஆலோசனை சொல்ல 'இரட்டைச்சாவி' என்று ஒரு நிறுவனம் தொடங்கினோம். எந்தச் சங்கமும் ஆலோசனையை விரும்புவதில்லை என்று தெரியவரும்வரை அது நடந்தது. கடைசியில் மிஞ்சியவை இரட்டைச்சாவி என்ற இணையப் பெயரும் அந்தப் பெயரில் மணிப்புறாவில் வைத்த இரண்டு மின்னஞ்சல் பெட்டிகளும். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. பிறகு அவள் மகன் பெனடிக்டோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். நான் திருச்சியிலேயே இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் கடிதம் வரும். சனிக்கிழமை நான் பதில் போடுவேன். போனில் பேசுவதில்லை. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், எனக்குப் பேச்சு கொஞ்சம் மந்தம்.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. ரெஜினா எதையும் கருவியில் சேமித்து வைப்பவள் அல்ல. என் முகவரியை ஒவ்வொரு வாரமும் எழுத்தெழுத்தாக நினைவிலிருந்து அடிப்பாள். அது இல்லாமல் போனால் அவள் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பது பற்றி உற்சாகமான செய்தியில் ஒரு வரியும் இல்லை. ஆகவே நம்பகமான வேறொரு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, முகவரி மாறாமல் குடிபெயர வேண்டும். மாதக் கடைசிவரை அவகாசம்.

போன வெள்ளி அவள் கடிதம் வரவில்லை. மூடப்போகிற நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டு வாங்கினேன். கொண்டுவந்தவர் என்னை ஏற்கெனவே அறிந்தவர், தராசோடுதான் படியேறுகிறார்.

வேலைக்கு வரும் ஜெயக்கொடி நான் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, மறுபடியும் ஆபீஸ் வேலையா?"

"மெயில் கம்பெனி மாத்தணும். நல்ல கம்பெனியா பாத்துட்டு இருக்கேன்."

"எல்லாரும் வாட்ஸப்புல பேசறாங்க. நீங்க மட்டும் வீட்டுக்குள்ள தபால் ஆபீஸ் வச்சு நடத்துறீங்க. சரி, ரெஜினாக்கா லெட்டர் வந்துச்சா?"

"சாம்பாருக்குப் பருப்பு போட்டியா?"

"போட்டாச்சு. வந்துச்சான்னு கேட்டேன்."

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஜெயக்கொடிக்கு யார் சொல்லித் தந்தது என்று தெரியவில்லை.

நிறுவனங்களுக்கு அனுப்ப ஒரு வினாப்பட்டியல் தயாரித்திருக்கிறேன். பெட்டகச் சாவி யாரிடம்? அவர் விடுப்பில் போனால் யாரிடம்? அந்த இருவரும் உறவினர்களா? வாடிக்கையாளரின் கடிதத்தை உங்கள் ஊழியர் படிக்க முடியுமா? முடியாது என்றால் அது யாருடைய நற்குணத்தினால்? கடைசிக் கேள்வி ரெஜினாவுடையது. எந்தக் கிளைக்குப் போனாலும் மேலாளரிடம் முதலில் இதைத்தான் கேட்பாள்: கடைசியாக என்ன தவறு செய்தீர்கள், அதைக் கண்டுபிடித்தது யார்?

ஜூன் 6, வெள்ளி

கடிதம் இல்லை. மணிப்புறாவின் கோளாறு என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 7, சனி

தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கணினியிலிருந்து எனக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். "நலமா?" என்று எழுதினேன். வீட்டுக்கு வருவதற்குள் வந்து காத்திருந்தது. ஒரு சோதனை வெற்றி பெறுவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. இருந்தாலும், விசாரித்திருக்கிறதே என்று பதில் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பதில்கள் வரத் தொடங்கிவிட்டன.

பெங்களூரு நிறுவனம் ஒன்று, பத்து லட்சம் பேர் தங்களை நம்புவதாகச் சொல்கிறது. அவர்களில் ஒருவருடைய தொடர்பு எண் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்தரங்கத்தைக் காப்பதால் தர முடியாதாம். நம்புகிறவர்கள் யார் என்று தெரியாது. ஆனால் அவர்களை நம்பி நானும் நம்ப வேண்டும். சீட்டுக் கம்பெனி நடத்தியவர்கள் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

ஐரோப்பாவில் ஒரு மலைக்கடியில் இயந்திரங்களை வைத்திருக்கும் நிறுவனம், உங்கள் கடிதங்களை நாங்களே நினைத்தாலும் படிக்க முடியாது என்று பெருமையோடு எழுதியது. மேலாளரே திறக்க முடியாத பெட்டகம் ஒன்றை நானும் ரெஜினாவும் பெரம்பலூர்ப் பக்கம் பார்த்திருக்கிறோம். அதற்கு அவர்கள் பெருமைப்படவில்லை. வெல்டிங்காரரைக் கூட்டிவந்தார்கள்.

இலவச நிறுவனம் ஒன்றும் உண்டு. அவர்கள் கடிதங்களைப் படித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டுவார்களாம். ரெஜினா முழங்கால் வலி என்று எழுதினால் எனக்குத் தைலம் காட்டுவார்கள். யோசித்துப் பார்த்தால், அவளை அக்கறையோடு படிக்க இன்னொருவர் இருப்பது தவறில்லை. ஆனால் விதிப்படி சரியில்லை.

மதியம் சென்னை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், உங்க டீம்ல எத்தன பேர்?"

"ரெண்டு."

"சூப்பர் மேடம். அடுத்த வருஷம் எவ்வளவா வளரும்னு எதிர்பாக்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

ரெஜினாவின் கடிதம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பூனை நேற்று சமையலறைக்குள் நுழைந்து, மருமகள் ஷெரின் மசாலா தடவி வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். பூனையின் பெயர் டியூக். பிரபு வம்சத்தில் பிறந்தும் கைநீட்டுகிறான், தலைமை அலுவலகத்து ஆளாக இருப்பான் என்று எழுதியிருக்கிறாள். சிரித்தேன். ஜெயக்கொடிக்கும் படித்துக் காட்டினேன்.

"இதத்தான் பங்குனியிலயே படிச்சீங்களேம்மா" என்றாள்.

பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மாதத்திலும் ஒரு வெள்ளிக்கிழமை டியூக் வந்திருக்கிறது, தூக்கியிருக்கிறது, அதே வம்சம், அதே தலைமை அலுவலகம். மணிப்புறாவின் இயந்திரம் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறது. வீடு காலி செய்யும்போது பரணில் கிடந்த சாமான் கீழே வந்து விழுவது இயல்புதான். மார்ச் மாதம் பறிபோனது வஞ்சிரம். இப்போது இறால். இயந்திரக் கோளாறு எவ்வளவு தூரம் முற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மணிப்புறாவுக்குப் புகார் எழுதினேன். உடனே பதில் வந்தது: உங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

கோயம்புத்தூரில் கொங்கு அஞ்சல் என்று ஒரு சிறிய நிறுவனம் உண்டு. வினாப்பட்டியலுக்கு அவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை. ஞாயிறு மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். திடீர் ஆய்வுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டாவது மணியில் எடுத்தார்கள். வாய் நிறையச் சோறு.

"சொல்லுங்க."

"கொங்கு அஞ்சலா? நீங்க யாரு பேசறது?"

"குழந்தைவேலுங்க. ஓனருங்க. இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்." குடித்தார். "திருச்சி மேடமுங்களா? உங்க கேள்வியெல்லாம் படிச்சனுங்க. பதில் எழுத ஒக்காந்தா பரீட்ச எழுதற மாதிரி இருக்குதுங்க. வாய்ல கேட்டீங்கன்னா சொல்லிப்போடுவேன்."

"கடைசியா என்ன தப்பு பண்ணினீங்க?"

"போன மாசந்தானுங்க. ஒரு நூல் மில்லோட மெயிலெல்லாம் பக்கத்து மில்லுக்குப் போற மாதிரி திருப்பி உட்டுட்டனுங்க. அரை நாள் போச்சுங்க."

"யார் கண்டுபிடிச்சது?"

"எஞ் சம்சாரமுங்க. அப்பறம் ரெண்டு மில்லுக்கும் நேர்ல போய்த் திட்டு வாங்கிட்டு வந்தனுங்க."

"மூணு நாளைக்கு ஒருதரம் நகல் எடுக்கறதா உங்க வெப்சைட்ல போட்டிருக்கீங்க. அந்த நகல்லயே கோளாறு வந்தா?"

"தெரியலீங்க" என்றார்.

இத்தனை நிறுவனங்களில் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

விடியற்காலைப் பேருந்தில் கோயம்புத்தூர் போய் வந்தேன். ஆய்வுக்கு ஜன்னலோர இருக்கை ரெஜினாவுக்கு, உள்பக்கம் எனக்கு என்பது வழக்கம். பழக்கத்தில் உள்பக்கமே உட்கார்ந்துவிட்டேன். கரூரில் ஒருவர் வந்து, "ஜன்னல் பக்கம் ஆள் வருதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று.

காந்திபுரத்தில் ஒரு குறுக்குத் தெரு. கீழே கிரைண்டர் கடை, மேலே கொங்கு அஞ்சல். குழந்தைவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி பூங்கோதை கணக்குப் பார்க்கிறார்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க!"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு விருந்து."

"உக்காருங்க. சாவி யாருகிட்டன்னு கேட்டிருந்தீங்கல்ல, இதா, இவங்ககிட்டத்தானுங்க. எனக்கே தர மாட்டீங்கறாங்க."

"தந்தா பஸ்ஸுல உட்டுப்போட்டு வருவாரு" என்றார் பூங்கோதை, தலை நிமிராமல்.

இயந்திரத்தைக் காட்டுங்கள் என்றேன். இங்கே இல்லையாம். மும்பையில் ஒரு கட்டடத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு முறை போய்ப் பார்த்தாராம். உள்ளே தாங்க முடியாத குளிர் என்று உடனே வெளியே வந்துவிட்டாராம். பொய் சொல்ல வேண்டியிருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பார். தேர்வு முடிந்தது.

மணிப்புறாவின் அக்கிரமத்துக்குச் சான்றாகப் பூனைக் கடிதங்களைக் காட்டினேன். இரண்டு கடிதங்களையும் திறந்து, அவற்றின் தலையில் வழக்கமாக மறைந்திருக்கும் வரிகளை விரித்துப் பார்த்தார்.

"இது பழைய லெட்டர் இல்லீங்க மேடம். வெள்ளிக்கிழம அங்க ஒக்காந்து புதுசா அடிச்சதுங்க."

"அப்படி வாய்ப்பில்லை. ஒரே விஷயம்."

"மெஷினு நகலெடுத்தா அச்சா அப்படியேதானுங்க எடுக்கும்." தயங்கினார். "வஞ்சிரத்த எறாவா மாத்தாதுங்க."

கீழே கடையில் யாரோ கிரைண்டரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி இல்லாமல் ஓடினால் அதற்கு வேறு மாதிரிச் சத்தம்.

பூங்கோதை காபியை வைத்தார். "அவங்களுக்கு என்ன வயசாகுதுங்க்கா?"

"என் வயசு."

"கூட யாராச்சும் இருக்கறாங்களா?"

அது வினாப்பட்டியலில் இல்லாத கேள்வி. பேச்சை நிர்வாகக் கடவுச்சொல்லுக்கு மாற்றினேன். இணையப் பெயரைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக அது வேண்டும். என்னிடம் பாதி இருக்கிறது என்றேன்.

"பாதியா?"

விளக்கினேன். பெட்டகத்தைத் தனியொருவர் திறக்கக் கூடாது. ஒருவரிடம் ஒரு பாதி, மற்றவரிடம் மறுபாதி. எழுதி வைக்கக் கூடாது, அடுத்தவர் பாதியைப் பார்க்கக் கூடாது. இரட்டைச்சாவியைத் தொடங்கிய அன்று ரெஜினா தன் பாதியை அடித்தபோது நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பிறகு நான் அடித்தேன், அவள் திரும்பி நின்றாள்.

குழந்தைவேல் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ரெண்டு மெயில் பொட்டிக்குங்களா?"

"எண்ணிக்கை முக்கியமில்ல."

"நெசந்தானுங்க" என்றார், சிரிக்காமல். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

கடவுச்சொல் மறந்துவிட்டால் மணிப்புறா ஒரு குறியீட்டு எண்ணைப் பதிவு செய்த கைப்பேசிக்கு அனுப்பும். பதிவு செய்தது ரெஜினாவின் பழைய எண். அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணப்பாறையில் மாடு வாங்கி விற்கிற ஒருவர் எடுத்தார். எண் அவருக்கு வந்து வெகு நாளாயிற்றாம். "ரெஜினாவா? அந்தப் பேர்ல மாடுகூட இல்லம்மா" என்றார். நல்ல மனிதர்.

ஜூன் 20, வெள்ளி

கடிதம் இல்லை.

பெர்த்துக்குப் போன் செய்தேன். பெனடிக்ட் எடுத்தான்.

"அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி."

அங்கே அப்போது நண்பகல். ரெஜினா பகலில் தூங்கிய ஒரே சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து காய்ச்சல் வந்தபோது. அப்போதும் கண்ணை மட்டும்தான் மூடியிருந்தேன் என்று வாதாடினாள். எழுந்ததும் கூப்பிடச் சொன்னேன். சரி என்றான். அவன் குரலில், கணக்கு சரியாக இருக்கிறது சார் என்று சொல்லும் காசாளரின் அவசரம் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பெனடிக்ட் கூப்பிட்டான்.

"நானே பேசணும்னு இருந்தேன் ஆன்ட்டி. பயமா இருந்துச்சு."

"எதுக்குடா பயம்?"

"நீங்க ரிப்போர்ட் எழுதிருவீங்கன்னு." சிரிக்க முயன்றான். "கொஞ்ச நாளாவே அம்மாவுக்கு எல்லாம் கலையுது ஆன்ட்டி. ஷெரினை நர்ஸுன்னு நினைக்கிறாங்க. டாக்டர்கிட்ட போனோம், அவர் ஒரு பேர் சொன்னார்."

அந்தப் பெயரைச் சொன்னான். இங்கே எழுத வேண்டியதில்லை.

"எங்ககிட்ட எல்லாம் தடுமாறும். ஆனா வெள்ளிக்கிழமை ஆனா மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தானா அடிப்பாங்க. உங்க அட்ரஸ் அப்படியே வரும். அதனால இதுவே சரியாயிடும்னு நினைச்சோம். இப்ப வெள்ளிக்கிழமைன்னு சொன்னாலும் எழுந்து வர்றதில்ல."

கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்களா ஆன்ட்டி? தேடிப் பாக்கட்டுமா?"

"தேடாதே. எழுதியிருக்க மாட்டா."

ஜூன் 23, திங்கள்

மின்கட்டணம் கட்டினேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாவு அரைத்தேன். குழந்தைவேல் கூப்பிட்டு, என் பெட்டியில் இருக்கிற பழைய கடிதங்களையெல்லாம் என் சொந்தக் கடவுச்சொல்லை வைத்தே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு மறுபாதி தேவையில்லை என்று சொல்லிக் கொடுத்தார். மாலைக்குள் இறங்கிவிட்டது. எல்லா வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்து ஒரு சின்ன சினிமாப் பாட்டு அளவுகூட இடம் எடுக்கவில்லை.

பூங்கோதையும் பேசினார். "சாப்ட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

பெனடிக்ட் வீடியோவில் அழைத்தான். ரெஜினாவை நாற்காலியில் உட்காரவைத்து, காதுக் கருவியைச் சரி செய்துவிட்டான். ஆய்வுக்குக் கட்டுகிற மாதிரியே மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. தலைமுடியை யாரோ புதிதாகக் கத்தரித்திருக்கிறார்கள். என்னைவிட இளையவள்போல் இருந்தாள்.

"ரெஜினா" என்றேன்.

"வணக்கம்" என்றாள். "சொல்லுங்க."

அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசியது இதுவே முதல் முறை.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். நீங்க எந்த ஆபீஸ்லேருந்து?"

பெனடிக்ட் குனிந்து, "அம்மா, அரசி ஆன்ட்டிம்மா. மங்கையர்க்கரசி ஆன்ட்டி. திருச்சி" என்றான். என் பெயரை முழுதாகச் சொல்லி நெடுநாள் ஆயிற்று. அவள் அவனைப் பொறுமையாகப் பார்த்தாள்.

"ரெஜினா, மெயில் கம்பெனிய மூடறாங்க. பாஸ்வேர்ட் வேணும். என் பாதி என்கிட்ட இருக்கு. உன் பாதியச் சொல்றியா? பெனடிக்ட் வெளிய போயிடுவான்."

அதுவரை எங்கோ இருந்த முகம் நிமிர்ந்தது. அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். எத்தனையோ மேலாளர்கள் அதற்கு முன்னால் வியர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

"போன்ல கேக்கறீங்க?"

"அவசரம்."

"அவசரம்னு யாருதான் சொல்லல? மண்டல அலுவலகத்துக் கடிதம் இருக்கா?"

"இல்ல."

"கடிதம் இல்லாம, ஆள் யாருன்னு தெரியாம, போன்ல சாவி கேக்கறீங்க. உங்க பேர நான் குறிச்சுக்கலாமா?"

"குறிச்சுக்கோங்க" என்றேன். எனக்கும் 'ங்க' வந்துவிட்டது.

"அப்பறம், என்கிட்ட இருக்கறது பாதிதான். மிச்சம் அரசிகிட்ட இருக்கு. அவ இல்லாம நான் எதையும் திறக்க மாட்டேன். அரசி எங்க?"

பெனடிக்ட் திரையிலிருந்து விலகிவிட்டான். அவன் சட்டைக் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

"வெளியூர் போயிருக்காங்க" என்றேன்.

"தனியாவா? தனியா அனுப்ப மாட்டாங்களே." கொஞ்சம் யோசித்தாள். "சரி, அரசி வரட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்து திறந்து தர்றோம். நீங்க போயிட்டு வாங்க."

கைகூப்பினாள். நானும் கூப்பினேன்.

நடைமுறை முழுவதும் சரியாகப் பின்பற்றப்பட்டது. குறை எதுவும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

குழந்தைவேலிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். "மேடம், அந்த மணப்பாறக்காரரு நல்ல மனுசருன்னு சொன்னீங்களே. மணிப்புறாவுல 'மறந்துட்டேன்'னு அமுக்குனா நெம்பரு அவரு போனுக்குத்தான் போகும். அவரப் படிச்சுச் சொல்லச் சொன்னா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுதுங்க. அட்ரஸும் தப்பிச்சுக்கும்" என்றார்.

உண்மைதான். மாட்டுக்காரர் மறுக்க மாட்டார். ஜெயக்கொடியிடம் சொன்னபோது, "அப்பறம் என்னம்மா, போனைப் போடுங்க!" என்று என் கைப்பேசியை எடுத்தே கொடுத்துவிட்டாள்.

எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெஜினா தன் பாதியைத் தர மறுத்திருக்கிறாள். மறந்துபோய்த் தராமல் இருப்பது வேறு, இது மறுப்பு. ஆள் யாரென்று தெரியாமலே அரசிக்காகச் சாவியைக் காத்து வைத்திருக்கிறாள். அவள் முன்வாசலில் நிற்கும்போது, அரசியே பின்பக்கமாகப் பூட்டை நெம்பித் திறந்தாள் என்று எந்த அறிக்கையில் எழுதுவது?

குழந்தைவேலை மறுபடி கூப்பிட்டு, "வேண்டாம்" என்றேன்.

"அட்ரஸு போயிருமுங்களே மேடம்."

"தெரியும்."

"சரிங்க" என்றார். பிறகு, "புதுசா ஒரு பேர்ல போட்டுக்கலாமுங்க. பொட்டி ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"

"ரெண்டு."

ஜூன் 30, திங்கள்

ஜெராக்ஸ் கடைக்குப் போய் என் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். வந்து சேர்ந்தது, மாலைவரை பெட்டி வேலை செய்தது.

ஜூலை 1, செவ்வாய்

இன்று அனுப்பியது திரும்பிவிட்டது. இந்த முகவரியில் யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. இனி எந்த வெள்ளிக்கிழமையாவது அவள் தானாக உட்கார்ந்து அடித்தால் அவளுக்கும் இதே இரண்டு வரிதான் போகும்.

ஜெயக்கொடி கீரை ஆய்ந்தபடி, "அந்தக்கா உங்கள மறந்தேபோச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. நல்லா ஞாபகம் வச்சிருக்கா. நான் யாருன்னுதான் தெரியல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை என்றேன். அவளுக்கு விளக்க முடியவில்லை. கீரை நன்றாக இருந்தது.

ஜூலை 2, புதன்

கொங்கு அஞ்சலில் புதிய பெட்டிகள் இரண்டும் தயார். நிர்வாகக் கடவுச்சொல் முழுவதும் என் ஒருத்தியிடமே இருக்கிறது. கூட்டுப் பொறுப்பு விதி மீறப்பட்டது. கவனித்துக் குறித்துக்கொண்டேன், நடவடிக்கை எடுக்க மேலதிகாரி இல்லை.

ரெஜினாவின் பெட்டியை பெனடிக்ட் தன் வீட்டுக் கணினியில் திறந்து வைத்திருக்கிறான். அதற்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ரெஜினா' என்று தொடங்கி, அழித்தேன். பிறகு அலுவலகத் தாளில் எழுதுவதுபோல எழுதினேன். அன்று தொலைபேசியில் சாவி கேட்டது என் தவறு. நீங்கள் மறுத்ததே சரி. இனி அலுவல் விஷயங்களை இந்த முகவரிக்கு எழுதலாம். திருச்சியில் நல்ல வெயில். அரசி வெளியூரில் நலமாக இருப்பதாகத் தகவல், வேளைக்குச் சாப்பிடுகிறாள். இங்ஙனம், ஓர் அலுவலர்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வந்திருந்தது.

"அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. என் பொறுப்பிலுள்ள பாதி பத்திரமாக இருக்கிறது. தனக்குரிய பாதியோடு அரசி சுற்றுப்பயணத்தில் இருக்கிறாள். அவள் சாப்பிடுவதாக எழுதியிருந்தது ஆறுதல். பெரும்பாலும் அதில் பொய் சொல்வாள், ஆகவே தாங்கள் நேரில் ஒரு முறை சரிபார்க்கவும். அவள் வந்ததும் இருவருமாக வந்து திறந்து தருகிறோம். அதுவரை காத்திருப்பதில் தங்களுக்குச் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன். ரெஜினா லூர்துமேரி, ஆய்வு அலுவலர்."

கீழே பெனடிக்ட் எழுதியிருந்தான்: அம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன் ஆன்ட்டி. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. மாற்றினால் திட்டு விழுகிறது.

ஜெயக்கொடி இன்று விடுப்பு. நேற்றுச் சோறு இருந்தது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சனிக்கிழமைவரை காத்திராமல் உடனே பதில் போட்டேன். சரிபார்த்துவிட்டேன், சாப்பிட்டாள். காத்திருப்பதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை.